வேட்டிக் கரையில் செய்த கறுப்புக் கண்ணாடி

என் மனைவிக்கு வெயில் ஆகாமல் போனது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதத்தில். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடத்தில் அவள் வெயிலைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மழையைச் சொல்லியிருக்கிறாள், ரப்பர் விலையைச் சொல்லியிருக்கிறாள், என்னைச் சொல்லாத நாள் கிடையாது. வெயிலைச் சொன்னதில்லை.

எங்கள் வீடு கேரளத்தில், குன்னத்துகால் பக்கம். கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் இருநூறுக்குச் சற்றுக் குறைவாக ரப்பர் மரங்கள். பால் வெட்டுவது அவள்தான். நான் வெட்டினால் மரத்துக்குக் காயம் என்று கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதமே கத்தியை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக்கண்ணாடி விற்பவன் அல்ல, உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸைப் பிரேமின் அளவுக்கு உரசிக் கொடுப்பவன். வாடிக்கையாளர்களிடம் என்னைப் பேச விடுவதில்லை. முதலாளி அதற்குக் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் வெட்டி முடித்துவிடுவாள். ஒன்பது, பத்து மணிக்கு வாளியோடு போய் ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருக்கிற தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பாலை எடுக்க வேண்டும். வரிசையாக நிற்கிற மரங்களுக்கு நடுவே நடந்தால் வெயில், நிழல், வெயில், நிழல் என்று கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருடம் அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு எழுபதாவது மரமோ எண்பதாவது மரமோ, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். தலைவலி இரண்டு நாள் நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு முற்றத்துக்கு வந்தாலே தலைவலி. பிறகு ஜன்னலைச் சாத்திய உள்ளறை. வெட்டுக்கு ஓர் ஆளை வைத்தோம். அவர் கொண்டுவந்த பாலை ஷீட் அடித்துக் காயப் போட்டிருந்தோம். அவள் அந்த ஷீட்டில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்குகளை இருட்டில் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டு ஆழமாப் போவுது, மரத்தைக் கொல்லுதாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அது மூன்றாவது தடவை.

கண் டாக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். தலை டாக்டர் தலையைப் படம் எடுத்துவிட்டுத் தலையிலும் ஒன்றும் இல்லை என்றார். ஒரு வகைத் தலைவலிதான், மாத்திரை எழுதுகிறேன், வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும் என்றார். பகலில் வெளிச்சத்தைத் தவிர்ப்பது எப்படி என்று எழுதவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். என் தொழிலே அதுதானே. கடையில் இருந்த எல்லா நிறத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாம்பல், தவிட்டு நிறம், பச்சை, ரோஜா நிறம்கூட. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு தோட்டத்தில் பத்து மரம் நடப்பாள், திரும்பி வருவாள்.

"இருட்டாத்தான் இருக்கு. ஆனா அடி நிக்கல்ல" என்றாள்.

இருட்டாக்குவது சுலபம். ஆனால் அவளுக்கு வேண்டியது இருட்டு அல்ல. வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கிற அடி மழுங்க வேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியும் லென்ஸ் போடுவதாக எங்கள் கடையின் அட்டவணையில் இல்லை. போதாததற்கு, அவள் அந்தக் கண்ணாடியோடு வாசலில் நின்ற ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் மதில் பக்கம் வந்து "எந்தா சேச்சி, கண்ணு ஆப்பரேஷன் கழிஞ்ஞோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் கறுப்புக் கண்ணாடி என்றால் ஆப்பரேஷன், இல்லாவிட்டால் கல்யாண வீடியோ. மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் நானே செய்வது என்று முடிவு செய்தேன். பிரேமுக்குச் சிரட்டை. தேங்காய்ச் சிரட்டையை வட்டமாக அறுத்து, உரசி, பழைய கண்ணாடிகளின் காதுக்கம்பியைப் பொருத்தினால் இலேசாக, வியர்வையில் துருவேறாமல் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே எதை வைப்பது என்பதில்தான் சந்தேகம்.

முதலாவது மாதிரி பீர்க்குப்பி. அந்தத் தவிட்டு நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றியது. குப்பிக்கு நான் மதுக்கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பை மேட்டுக்குப் போனேன். குடித்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை, குடிக்காதவனான எனக்குத்தான் இருந்தது. நல்ல குப்பியாகப் பார்த்து ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எங்கள் சபைச் செயலாளர் ஸ்கூட்டரில் போனார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, மெதுவாக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து மனபாரங்களைக் குறித்து நீண்ட ஜெபம் செய்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் மனைவி தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததால் நான் எதையும் விளக்கப் போகவில்லை.

பீர்க்குப்பியின் வளைவில் மரங்கள் எல்லாம் கர்ப்பமாகத் தெரிந்தன. கனம் வேறு. அதைத் தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது எக்ஸ்ரே ஃபிலிம். அவளுடைய தலைப் படத்தில் கை வைக்க மனம் வரவில்லை. எனக்கு எப்போதோ நெஞ்சுச்சளிக்கு எடுத்தது பீரோவில் இருந்தது, அதை வெட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டு அவள், "உங்க எலும்பு குறுக்க வருது" என்றாள். கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். இருட்டாக இருந்தால் போதுமா, கெடுதியான கதிர் எல்லாம் உள்ளே போகும், முப்பது வருடம் கண்ணாடிக் கடையில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்றார். தெரியும். ஆசையில் மறந்துவிட்டேன். அதன் பிறகு எந்த மாதிரியானாலும், கதிரைத் தடுக்கிற, ஆனால் பவர் இல்லாத வெள்ளை லென்ஸ் இரண்டுக்கு நடுவில் வைத்துத்தான் செய்தேன்.

மூன்றாவது மாதிரியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ரப்பர் ஷீட். பாலை மெல்லியதாக, பப்படத்தைவிட மெல்லியதாக உறையவைத்துப் புகை போட்டால் தேன் நிறம் வரும். அதன் வழியே பார்த்தால் உலகம் சாயங்காலம் ஆகிவிடும். அவள் தோட்டத்துப் பாலிலேயே அவளுக்குக் கண்ணாடி. முப்பது மரம் வரைக்கும் போனாள். முப்பத்தோராவது மரத்தில் வெயில் ஏறி ரப்பர் இளகி, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் வழிந்து, பிரேமிலிருந்து மூக்குக்கு வந்தது. ரப்பரும் மூக்கும் ஒட்டினால் எப்படிப் பிரிப்பது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: தேங்காயெண்ணெய். அரை மணி நேரம் ஆனது. எண்ணெய் போட்டுத் தேய்க்கும்போது, "நாத்தம் நல்லாருக்கு, தோட்டத்து நாத்தம்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு முதல் எட்டு வரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாழைச்சருகு, நொறுங்கியது. கமுகம்பாளையில் ஊசியால் குத்திய ஓட்டைகள், கால் தடுக்கி விழப்பார்த்தாள். டீத்தூளில் ஊறவைத்த தாள், பூசணம் பிடித்தது. கொசுவலை, அடியை ஆயிரம் அடியாக்கியது. வெங்காயத்தோல், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஒன்பதாவதுக்குத் துணி என்று தோன்றியது, பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற ஆளின் தோளில் கிடந்த நேரியது மேல்துண்டைப் பார்த்து. இழை அவ்வளவு மெல்லிசு, ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே வடிந்து வந்தது. பாலராமபுரத்தில் இறங்கி ஒரு கைத்தறிக் கடைக்குப் போனேன். கறுப்புத் துணி வேண்டும், மிக மெல்லிசாக என்றேன்.

"அளவு?"

"ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். ரெண்டு எண்ணம்."

"மீட்டரா?"

"மில்லி."

கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குக் கோபம் வரத் தொடங்கியது, ஆனால் அவர் நல்ல மனிதர். இங்கே வேட்டியும் சேலையும்தான், துண்டு வெட்டித் தரமாட்டோம், கறுப்பு வேண்டுமானால் கறுப்புக் கரை வேட்டி இருக்கிறது, எல்லாம் வெள்ளையும் கொஞ்சம் கறுப்பும் என்றார். அகலக் கரை வேட்டியாக ஒன்றை வாங்கினேன். கரையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நீள இழை கறுப்பு, குறுக்கு இழை வெள்ளை. வழியே தெரிந்த தெரு சாம்பல் நிறமாக, சாந்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கரையிலிருந்து வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, லென்ஸ் வரும்வரை சட்டைப் பாக்கெட்டில் போட்டுவைத்தேன். இரண்டு ஓட்டையோடு மிச்ச வேட்டியை ஓட்டை உள்ளே போகிற மாதிரி மடித்துக் கட்டிக்கொண்டு ஆலயத்துக்கும் போனேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்பதாவதை அவளிடம் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை. நான் வேலைக்குப் போகாமல் பின்வாசலில் நின்றேன். பத்து மரம். முப்பது மரம். நூறு மரம் தாண்டி அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். வாளி நிறையப் பாலோடு திரும்பி வந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "அடி இல்ல" என்றாள். பிறகு, "கீழக்கோடியில ரெண்டு மரத்துக்குப் பட்டை போச்சு. அந்த ஆளை இனி வரண்டாம்ணு சொல்லுங்க" என்றாள். நான் போய் முகம் கழுவினேன்.

ஏன் வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெச்சா கொள்ளாமெங்கில் வெச்சோட்டே" என்று, சுகமாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும் என மலையாளத்தில் அனுமதி கொடுத்தார்.

இரண்டு மாதம் அவள் தோட்டத்துக்குப் போய்வந்தாள். ஜன்னல்கள் திறந்தன. அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

மழை விட்ட பிறகு எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை வரும். அவரவர் உழைப்பின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுபோய் வைப்போம். முதல் வாழைக்குலை, முதல் முட்டை, புதிதாகத் தையல் கற்றவள் தைத்த முதல் ஜாக்கெட். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அன்று காலையில் அவள் ஒன்பதாவது மாதிரியைத் துணியில் பொதிந்து பைக்குள் வைப்பதைப் பார்த்தேன்.

"அது எதுக்கு?"

"முதற்பலனாக்கும்."

"முதற்பலன்னா முதல்ல செஞ்சது. அது பீர்க்குப்பி. கட்டிலுக்கு அடியில கெடக்கு, அதைக் கொண்டு வை."

"பீர்க்குப்பியைப் பீடத்துல வைக்கவா? பூத்ததெல்லாம் பலனா? முதல்ல பழுக்கிறதாக்கும் பலன். உங்களுக்க எட்டும் பிஞ்சிலயே உதுந்தது."

"அப்ப நாளைக்குத் தோட்டத்துக்கு எதைப் போட்டுட்டுப் போவ?"

"ஏலத்துல நீங்க எடுத்துத் தருவீங்க. இல்லேண்ணா இன்னொண்ணு செய்வீங்க. செய்யத் தெரியுமில்லா?"

தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பிற்பாடு நிறையப் பட்டேன்.

எங்கள் ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பொருளை யார் ஆசைப்படுகிறார்களோ அவர்களை விடாமல் ஏற்றிவிடுவது வழக்கம். ஆசைப்பட்டவர் கூட்டக் கூட்ட மற்றவர்களும் கூட்டுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், ஆலயத்துக்கு நல்ல தொகை சேரும். கடைசியில் அவருக்கே விட்டுவிடுவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தின வருடம் செயலாளர் தன் வீட்டுச் சேவலையே திரும்ப எடுக்க நின்றபோது அவரை ஏற்றிவிட்டவன் நான்தான். வியர்க்க வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

கண்ணாடி ஏலத்துக்கு வந்தது. ஏலம் போடுகிறவர் அதைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நம்ம சபையில முதல் தடவையா வாற சாதனமாக்கும். சிரட்டையும் வேட்டியும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு தொகை சொன்னேன். பின்வரிசையிலிருந்து செயலாளர் கூட்டினார். நான் கூட்டினேன். அவர் கூட்டினார். அவர் பக்கத்தில் யாரோ "பீர்க்குப்பியும் உண்டா?" என்று கேட்க, சிரிப்பு பெண்கள் பக்கம் வரைக்கும் போனது.

எனக்கு வழக்கம் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? தெரிந்தும் கோபம் வந்தது. எட்டு மாதம் நான் குப்பையைக் கிளறியதும், அவள் மூக்கில் எண்ணெய் தேய்த்ததும் இவர்களுக்கு விளையாட்டாகப் போயிற்று என்று தோன்றியது. எழுந்து, "நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் சிரிப்பு டக்கென்று நின்றது. மூன்று தரம் சொல்லிச் செயலாளருக்கு முடித்துவிட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

கடைசி ஜெபம் வரை இருந்துவிட்டு, முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னும் ஒரு தடவை கூட்டியிருந்தா அவரு விட்டிருப்பாரு" என்றாள்.

"ஒரு வாரத்துல புதுசு தாறேன்."

ஒரு வாரத்தில் பத்தாவது வந்தது. அதே வேட்டி, அதே கரை, அதே லென்ஸ், அதே மரத்துத் தேங்காய்ச் சிரட்டை. நாற்பது மரத்தில் திரும்பி வந்துவிட்டாள். பதினொன்றாவதுக்குத் துணியை வேறு திசையில் வெட்டினேன். இருபது மரம். பன்னிரண்டாவதுக்கு இரண்டு மடிப்பு. முற்றத்தைத் தாண்டவில்லை, அன்றைக்கு வாந்தியும் எடுத்தாள். ஜன்னல்கள் மறுபடி மூடின. பட்டையை உரித்த அதே ஆளிடம் போய்த் திரும்ப வரச் சொன்னேன். எதில் தவறு என்று எனக்குத் தெரியவில்லை. பிரேமைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், கடை மெஷினில் உரசி உரசி என் விரல் நுனி போனது. பதின்மூன்றாவது செய்யட்டுமா என்று கேட்டபோது அவள் இருட்டிலிருந்தே பதில் சொன்னாள்.

"வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நம்பிப் போய்த் திரும்பி வாறது தலைவலியைவிட மோசமாக்கும்."

அன்று நான் சாப்பிடவில்லை. கோபத்தில் அல்ல. எழுந்து போன அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள், ஒன்பதாவதைப் பார்க்கச் செயலாளர் வீட்டுக்குப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"பாத்துட்டு வாங்க. எடுத்துட்டு வரப்பிடாது" என்றாள். "பீடத்துல வச்சது. ஏலத்துல எடுத்திருந்தா அது வேற."

அவளிடம் வாதாடும் தகுதி எனக்கு இல்லை.

பத்தாவதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். செயலாளர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கும் பேரப்பிள்ளைகள் வாங்கிய கேடயங்களுக்கும் நடுவில், ஒன்பதாவது மாதிரி இருந்தது. அடியில் ஒரு சரிகைத் துணி வேறு. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா மக்கா. உனக்காக்கும் இத்தனை நாளா வச்சிருக்கேன். ஒரு வாக்கு கூட்டியிருந்தா விட்டிருப்பேன். நீ எறங்கிப் போனதும் எனக்குப் பின்ன விடவும் வழியில்லாமப் போச்சு. எடுத்துட்டுப் போ."

"எடுக்கப்பிடாதுண்ணு சொல்லியிருக்கா. பாத்துட்டுப் போறேன்."

அவர் அலமாரியைத் திறந்தார். இரண்டு கண்ணாடியையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தேன். லென்ஸ் ஒன்றுதான், அளவு ஒன்றுதான். முப்பது வருடம் அரை மில்லிமீட்டரைக் கண்ணால் கண்டுபிடித்த எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காப்பி கொண்டுவந்த செயலாளரின் மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பீடத்து விரிப்பையும் போதகரின் வெள்ளை அங்கியையும் துவைத்துக் கஞ்சி போடுவது அவர்கள்தான்.

"ரெண்டும் ஒரே துணியா?"

"ஒரே வேட்டி."

"அப்ப இது கஞ்சி போனது, அது கஞ்சியோட இருக்கு. இதுல இழை தளந்து பஞ்சு எழும்பிக் கெடக்கே, பாக்கல்லியா? அது வெறைச்சு நிக்குது. ஒவ்வொரு ஓட்டையும் தனியாத் தெரியுது."

பார்த்தேன். சொன்ன பிறகு தெரிந்தது. வெளிச்சம் ஒன்பதாவதில் ஊறி வந்தது, பத்தாவதில் குத்தி வந்தது. புது வேட்டிக்குத் தறியிலேயே கஞ்சி உண்டு. நான் அதை ஒரு ஞாயிறு கட்டியதோடு மடித்து வைத்துவிட்டேன், ஒரு தடவையும் துவைக்கவில்லை. அப்படியானால் ஒன்பதாவதைத் துவைத்தது யார்?

காப்பியைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தேன். அவள் உள்ளறையில் படுத்திருந்தாள்.

"முதல்ல வெட்டின துணியை நீ அலக்கினியா?"

"உங்க சட்டைப் பாக்கெட்டுல கெடந்திருக்கு. நான் பாக்கல்ல, சட்டையோட சேத்து அலக்கிட்டேன். பொறவு உணக்கி, தலையணைக்கு அடியில ரெண்டு நாள் வச்சு நெளிவெடுத்து, திரும்பப் பாக்கெட்டுலயே போட்டேன்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

நான் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தேன். சும்மா இருந்திருக்க மாட்டேன். வேட்டி வாங்கப் பாலராமபுரம் வரை போனதிலிருந்து ஆரம்பித்து, அவள் வீட்டார் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பேன். அவள் பயந்து மறைத்த ஒரு துவைப்பில்தான் அவள் கண்ணாடி இருந்தது. நானோ மூன்று மாதிரியையும் ஒற்றை ஆளாக உரசிக்கொண்டிருந்தேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"பத்தாவது தப்பினதும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். "இதுதான் காரியம்ணு எனக்கும் தெரியாதே."

பதின்மூன்றாவதுக்குத் துணியை அவள் துவைத்தாள். எத்தனை தடவை என்று அவள் தீர்மானித்தாள், தலையணையின் அடியில் எத்தனை நாள் என்றும் அவள்தான் தீர்மானித்தாள். அவள் சொன்னதை நான் செய்தேன். லென்ஸ் ஒட்டும்போது அவள் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செயலாளர் வீட்டு அலமாரியில் ஒன்பதாவது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

நான் வாசற்படியில் உட்காரவில்லை, கூடவே போனேன். வாளியை நான் தூக்கினேன், பாலை அவள் எடுத்தாள். நாற்பதாவது மரம் வந்தது, தாண்டினோம். நூறு தாண்டியது. தோட்டத்தின் நடுவில், பத்து மணி வெயில் எல்லாப் பக்கமும் இலைக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

அன்றுவரை நான் அவளிடம் நோவுதா என்று மட்டுந்தான் கேட்டிருக்கிறேன். முதல்முறையாக, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மரம் தெரியுது. சிரட்டை தெரியுது. கத்தி போன பாதை நல்லாத் தெரியுது. உங்க மொகம் மட்டும் புகையா இருக்கு."

அதைச் சரிசெய்யலாம், இழை எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்று நான் தொடங்குவதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. கண் சுருங்கி நீர் வழிந்தது. போடு, போடு என்றேன். போடவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என் முகத்தை ஒரு நிமிடத்துக்கு மேலே பார்த்தாள். ஒரு வருடமாக அவள் என்னை இருட்டிலும் புகையிலும்தான் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா நரைச்சுப் போச்சு" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.